உங்களுக்குத் தெரியுமா? வீட்டு பிளானுக்குக் கையெழுத்துப் போடுமுன்...

மனை வாங்கியாயிற்று. அடுத்தது பிளான். டைல்ஸுக்கும் குழாய்க்கும் கடை கடையாக ஏறி இறங்கும் குடும்பங்கள்கூட, பிளானை ஒரே மாலையில் பார்த்துத் தலையாட்டிவிடுகின்றன. டைல்ஸைப் பத்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். சுவரையும் மாடிப்படியையும் குளியலறையையும் மாற்ற முடியாது. தாளில் இருக்கும்போது ஒரு சுவரைத் தள்ளிவைக்க அழிரப்பர் போதும். ஆகவே, அஸ்திவாரம் தோண்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் இங்கே.

மடியில் ஒரு வரைபடம்
நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிளான் வரைந்திருக்கிறார்கள். இன்றைய ஈராக்கில் லகாஷ் நாட்டை ஆண்ட குதேயாவின் கற்சிலை ஒன்று, மடியில் கோயிலின் சுற்றுமதில் வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே எழுதுகோலும் அளவு குறித்த கோலும் உண்டு. பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இதைப் பார்க்கலாம். அளவுகோல் இல்லாத படம் பிளான் ஆகாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மனையின் மூலைவிட்டம்
ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி; அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். பத்திரத்தில் 30-க்கு 40 என்று இருந்தாலும் தரையில் டேப் பிடித்துப் பாருங்கள். நான்கு பக்கத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் மனை கோணல். அது தெரியாமல் வரைந்த பிளான், மார்க்கிங் செய்யும் அன்றே இடிக்கும்.

10-க்கு 10 அறை மூன்று வகை
பிளானில் 10-க்கு 10 என்று எழுதியிருக்கிறது. எந்தப் பத்து? ஒன்பது அங்குலச் சுவர்களுக்கு உள்ளே பத்து என்றால் உங்களுக்குக் கிடைப்பது 100 சதுர அடி. சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்குப் பத்து என்றால் உள்ளே ஒன்பதே கால் அடிதான். பரப்பு சுமார் 85 சதுர அடி. சுவரின் வெளிமுகத்திலிருந்து பத்து என்றால் உள்ளே எட்டரை அடி. பரப்பு 72 சதுர அடி. பூச்சு வேலை முடிந்தால் இதிலும் ஓர் அங்குலம் குறையும். ஒரே எண், ஆனால் கால்பங்குக்கும் மேல் வித்தியாசம். “இது உள்ளளவா?” என்று ஒவ்வோர் அறைக்கும் இன்ஜினீயரிடம் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவர் தின்னும் இடம்
25-க்கு 32 அடி வீடு, 800 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம் என்றால் அந்தச் சுவர் மட்டுமே 83 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். உட்சுவர்கள் தனி. கான்ட்ராக்டர் சதுர அடிக்கு விலை சொல்லும்போது பொதுவாகச் சுவரையும் சேர்த்தே கணக்கிடுவார். உட்சுவர்களில் எவை நாலரை அங்குலமாக இருக்கலாம் என்பதைப் பிளானிலேயே பேசி முடித்துவிடலாம்.

கட்டிலும் பீரோவும்
குயின் சைஸ் கட்டில் 5-க்கு 6½ அடி. இரும்பு பீரோவின் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை அடி. கதவு திறக்க இன்னும் ஒன்றரை அடி வேண்டும். இவை இரண்டும் எதிரெதிரே வந்தால் அதற்கே எட்டடி போய்விடும். எட்டரை அடி அறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட வேண்டும். உள்பக்கம் படுத்தவர் இரவில் எழுந்தால் அடுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். கட்டில், பீரோ, சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அளவோடு பிளானில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நடைபாதையின் விலை
மூன்றரை அடி அகலம், 12 அடி நீளமுள்ள ஒரு நடை 42 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால், நடப்பதற்கு மட்டும் 1,05,000 ரூபாய். சிறிய வீட்டில் அறைக்கதவுகள் ஹாலைச் சுற்றியே அமைந்தால் இந்தச் செலவு மிச்சம்.

மகன்களுக்கு ஓர் அறை
செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்து வரைந்த பிளான் அது. செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீடு ஒன்றைச் சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் நேரில் பார்க்கலாம்.

முழங்காலுக்கு 11 சதுர அடி
வீட்டு மாடிப்படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. மிதிபலகை 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கணக்குப் பார்ப்போம். தளத்துக்குத் தளம் பத்தரை அடி. ஏழு அங்குல உயரம் வைத்தால் 18 படி. ஆறு அங்குலம் வைத்தால் 21 படி. மூன்றடி அகலத்தில் நடுவில் திரும்பும் படிக்கட்டாகப் போட்டால் முதலாவதற்குச் சுமார் 63 சதுர அடியும், இரண்டாவதற்குச் சுமார் 74 சதுர அடியும் ஆகும். வித்தியாசம் 11 சதுர அடிதான். ஐம்பது வயதைத் தாண்டிய முழங்கால்கள் அந்தப் பதினொன்றுக்காக ஆயுள் முழுக்க நன்றி சொல்லும்.

ரயிலிலிருந்து வந்த சமையலறை
நவீன சமையலறை மேடைகளுக்கு முன்னோடி, 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை. ரயிலின் உணவுப்பெட்டி அடுக்களை எப்படி இயங்குகிறது, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நேரம், எத்தனை அடி நடை என்றெல்லாம் ஆராய்ந்த பிறகே வரைந்தார். நம் வீட்டுக்கும் அதே வழிதான். இருபுறமும் இரண்டடி மேடை, நடுவே நான்கடி நிற்குமிடம் என்றால் எட்டடி அகலம் வேண்டும். கிரைண்டர், மிக்ஸி, சிலிண்டர், தண்ணீர் கேன், பாத்திரம் கழுவும் இடம், பவர் பிளக் எல்லாம் எங்கே என்று அந்த வீட்டில் அன்றாடம் சமைப்பவரே சொல்லட்டும். அவர் பார்க்காத பிளானுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டரை அடிக் கதவு
குளியலறைக்கு வழக்கமாக வைப்பது இரண்டரை அடி நிலை. நிலைக்கட்டை போக உள்ளே மிஞ்சும் இடத்தில் சாதாரண சக்கர நாற்காலி நுழையாது. 900 மில்லிமீட்டர் தடையற்ற வழியும், நாற்காலி திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டமும் வேண்டும் என்கின்றன நம் நாட்டின் அணுகல் வழிகாட்டுதல்கள். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டி அகலக் கதவுள்ள குளியலறை: அப்பா அம்மாவுக்காக இன்று வரைவது, நாளை நமக்கும் ஆகும்.

வெளிச்சுவரில் குளியலறை
மொஹஞ்சதாரோவில் வீட்டுக் குளியலறைகளைத் தெருவோரச் சுவரை ஒட்டியே அமைத்தார்கள். கழிவுநீர் நேராகத் தெரு வாய்க்காலுக்குப் போய்விடும். இன்றைக்கும் பொருந்தும் பாடம் இது. வெளிச்சுவரை ஒட்டினால் ஜன்னல் கிடைக்கும், குழாய் ரிப்பேர் எளிது. மேல்மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர்மேலே வையுங்கள். ஹாலுக்கோ பூஜை அறைக்கோ மேலே வந்தால், ஒரு கசிவு போதும், நிம்மதி போய்விடும்.

வெயில் வரும் திசை
சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்றே வடக்கில் நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கில். இந்த இரண்டு பக்கமும் வரும் வெயிலைச் சன்ஷேடு பெரும்பாலும் தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியல்ல. மூன்று மணிக்கு மேல் சாய்வாக உள்ளே நுழையும், சன்ஷேடு பயன்படாது. சுவர் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் விடும். படுக்கையறையை அங்கே வைக்க நேர்ந்தால் சுவரை மறைக்க மரமோ கொடியோ வேண்டும். மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் மேற்கில் வந்தால் அவையே படுக்கையறைக்குத் தடுப்பாகிவிடும்.

ஊருக்கு ஊர் காற்று
சென்னையில் கோடைப் பிற்பகலின் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். தென்காசிக்குச் செங்கோட்டைக் கணவாய். சென்னை உறவினர் வீட்டுப் பிளானைப் பொள்ளாச்சியில் அப்படியே கட்டினால் ஜன்னல்கள் காற்றுக்கு முதுகு காட்டும். காற்று நுழைய ஒரு ஜன்னல் இருந்தால் வெளியேற இன்னொரு சுவரில் ஒன்று இருக்க வேண்டும்.

ஆறில் ஒரு பங்கு
ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் ஜன்னல், வென்டிலேட்டர் பரப்பு அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தேசிய விதித்தொகுப்பின் கணக்கு. 10-க்கு 12 அறைக்கு 20 சதுர அடி வேண்டும். 4-க்கு 4 ஜன்னல் ஒன்று 16 தான், போதாது.

எலிப்பொறிக் கட்டு
கேரளத்தில் வாழ்ந்து வீடுகள் கட்டிய லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். அதே ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு குறையும். வெற்றிடத்தில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டைத் தாமதப்படுத்தும். மின்குழாய் எங்கே போகிறது என்பதை முன்பே முடிவு செய்தாக வேண்டும் என்பதால், இதுவும் பிளான் கட்டத்து வேலைதான்.

மாடியில் பெய்யும் லாரித் தண்ணீர்
ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிகளில் பத்துக்கு மேல். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மழைக்குழாய்கள், சேகரிப்புக் குழி, சம்ப், செப்டிக் டேங்க் நான்கும் பிளானில் எங்கே என்று பாருங்கள். செப்டிக் டேங்க் கிணற்றையும் சம்பையும் விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு டன் தலையில்
ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். மேல்தொட்டி எங்கே வரும், பிறகு ஒரு மாடி எழுப்பும் எண்ணம் உண்டா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அஸ்திவாரமும் பில்லரும் அதற்கேற்ப இருந்தால்தான் பின்னால் எழுப்ப முடியும். மாடியை வாடகைக்கு விடுவதானால் படி வெளியே வரட்டும்.

சூரியனுக்கு 300 சதுர அடி
ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வரையிலான அமைப்புக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. மாடிப்படியின் ஹெட்ரூம் வடக்கு ஓரம் வந்தால் அதன் நிழல் தகடுகளில் விழுவது குறையும்.

வாஸ்து நாள் எட்டு
பஞ்சாங்கப்படி ஆண்டில் வாஸ்து நாட்கள் எட்டுதான். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் கிடையாது. நாள் நெருங்குகிறதே என்று அவசர பிளானில் பூமி பூஜை போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாஸ்து நாள் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் வந்துவிடும், பிளான் முடியட்டும். மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள், அந்த அடிக்கணக்கு உள்ளளவுக்கே என்பதை இன்ஜினீயரிடம் முதல் நாளே சொல்வது நல்லது.

சுயசான்று அனுமதி
2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோர், சுயசான்று அளித்து இணையத்திலேயே உடனடியாகக் கட்டட அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் பிளான் விதிப்படி இருக்கிறது என்று சான்று சொல்வது நீங்கள். பக்கவாட்டு இடைவெளிகளை நீங்களே சரிபாருங்கள்.

சுண்ணாம்புப் பொடியில் ஒரு வீடு
கடைசியாக ஒரு வேலை. கையெழுத்துப் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை அழைத்து, மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் பிளானைக் கோடு போடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் வாருங்கள். சமையலறைக் கோட்டுக்குள் நின்று திரும்பிப் பாருங்கள். கட்டில் வருமிடத்தில் பாயை விரியுங்கள். பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, கழிப்பறை எத்தனை அடி என்று எண்ணுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே அன்றே கோட்டை மாற்றுங்கள்; பொடியின் செலவு சில நூறு ரூபாய். பூச்சு காய்ந்த பிறகு அதே மாற்றத்துக்கு லட்சம் ஆகும்.