கடைசி இடத்தில் சென்னை அணி! குற்றம் யார் மேல்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்கு அருகே இருக்கிறது குன்றாண்டார்கோவில். பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோவில் அங்கே உண்டு. அதன் முன்னால் ஒரு மண்டபம். தேர் போன்ற வடிவம். கல்லிலே சக்கரம், கல்லிலே குதிரை! பல நூறு ஆண்டுகளாக அந்தத் தேர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

2025-ம் ஆண்டு கோடையில் இன்னொரு தேரும் அசையாமல் நின்றுவிட்டது. அதுதான் "சென்னை சூப்பர் கிங்ஸ்" கிரிக்கெட் அணி!

குன்றாண்டார்கோவிலுக்கும் சென்னை சேப்பாக்கம் மைதானத்துக்கும் நடுவே சுமார் 350 கிலோ மீட்டர் தூரம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் அந்த மைதானத்தை நேரில் பார்த்ததே இல்லை. டெலிவிஷனில் பார்த்ததுதான். ஆனாலும் சென்னை அணி தோற்றால், கண்மாய்க்கரை டீக்கடையிலும் முகங்கள் வாடுகின்றன. அப்பாவும் மகனும் பேசாமல் சாப்பிட்டு எழுந்த வீடுகள் உண்டு. அண்ணனும் தம்பியும் கட்சி கட்டிச் சண்டை போட்ட வீடுகளும் உண்டு.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நம் அணி ஏன் இப்படி ஆனது?"

நடந்தது என்ன?

ஐ.பி.எல். என்ற கிரிக்கெட் போட்டி 2008-ம் ஆண்டில் தொடங்கியது. சென்னை அணி அதில் 5 முறை கோப்பையை வென்றது. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகியவை அந்த வெற்றி ஆண்டுகள்.

அப்படிப்பட்ட அணி 2025-ல் 14 ஆட்டம் ஆடியது. வென்றது 4. தோற்றது 10. மொத்தம் 10 அணிகள். சென்னைக்குக் கிடைத்தது பத்தாவது இடம்! சென்னை அணி கடைசி இடத்துக்குப் போனது அதுவே முதல் தடவை.

முதல் ஆட்டத்தில் மும்பையைச் சென்னை வென்றது. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அடுத்து வரிசையாக 5 தோல்வி!

கோட்டையில் ஓட்டை

சேப்பாக்கம் மைதானத்தைச் "சென்னையின் கோட்டை" என்பார்கள். அங்கே வந்து சென்னையை வெல்வது மற்ற அணிகளுக்குக் குதிரைக் கொம்பு.

அந்தக் கோட்டைக்குள் 2025-ல் யார் யார் புகுந்தார்கள் தெரியுமா?

பெங்களூரு அணி 2008-க்குப் பிறகு முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் சென்னையை வென்றது. டெல்லி அணி 2010-க்குப் பிறகு அங்கே வென்றது. ஐதராபாத் அணி அதற்கு முன்பு ஒரு தடவைகூட அங்கே சென்னையை வென்றதில்லை. அதுவும் வென்றது! கொல்கத்தாவும் பஞ்சாபும் வென்றன.

சேப்பாக்கத்தில் நடந்த 6 ஆட்டங்களில் சென்னைக்கு ஒரே ஒரு வெற்றி, 5 தோல்வி.

ஏப்ரல் 11-ந் தேதி நடந்த கொல்கத்தா ஆட்டம்தான் எல்லாவற்றிலும் மோசம். 20 ஓவர் ஆடிச் சென்னை எடுத்தது வெறும் 103 ரன். சுனில் நரின் 3 விக்கெட், தமிழ்நாட்டு வீரர் வருண் சக்ரவர்த்தி 2 விக்கெட். கொல்கத்தா 11-வது ஓவரிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டது. இன்னும் 59 பந்து மிச்சம் இருந்தது!

நம் ஊர்த் தரை எப்படி இருக்கும் என்பது நமக்கே தெரியவில்லையே என்று ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் பிளமிங்கும், சேப்பாக்கத்தில் சொந்த மைதானத்தின் அனுகூலம் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

டோனி விவகாரம்

வாக்குவாதத்தில் அதிகச் சூடு கிளப்பிய பெயர் மகேந்திர சிங் டோனி.

5 கோப்பைகளையும் வாங்கித் தந்த கேப்டன் அவர். பிறந்தது ராஞ்சியில். ஆனால் தமிழ் மக்கள் அவரைத் "தல" என்று சொந்தம் கொண்டாடினார்கள். 2025 போட்டி நடந்தபோது அவருக்கு வயது 43.

மார்ச் 28-ந் தேதி பெங்களூரு ஆட்டம். வெற்றிக்கு 197 ரன் தேவை. விக்கெட்டுகள் சரிகின்றன. டோனி வரவில்லை. அஸ்வின்கூட அவருக்கு முன்னால் வந்துவிட்டார். டோனி வந்தது ஒன்பதாவது ஆளாக! 16 பந்தில் 30 ரன் எடுத்தார். ஆனால் அதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது. சென்னைக்கு 50 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

டோனியின் முழங்கால் முன்போல் இல்லை. 10 ஓவர் ஓடி ஆட அவரால் முடியாது என்று பிளமிங் பின்னர் விளக்கினார்.

"முடியாதவர் ஏன் ஆட வேண்டும்? அந்த இடத்தை ஒரு வாலிபனுக்குக் கொடுக்கலாமே!" என்பது இளைஞர் கட்சி.

"ஏறு கட்டி உழுத மாட்டை, கிழடானதும் தெருவில் விடுவீர்களாடா?" என்பது பெரியவர் கட்சி.

"மாமா, மாட்டைத் தொழுவத்தில் கட்டித் தீனி போடலாம். மறுபடியும் ஏரில் பூட்டினால் நட்டம் யாருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள் பிள்ளைகள்.

இதற்கு நடுவே இன்னொரு சோதனை. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு முழங்கையில் காயம். அவர் விலகினார். மீண்டும் டோனியே கேப்டன் ஆனார். ஓய்வு கொடுக்கச் சொன்னவரின் தலையிலேயே முழுப் பாரமும் விழுந்தது!

ஏலத்தில் கோட்டை விட்டார்களா?

"மைதானத்தில் தோற்கவில்லை, ஏலத்திலேயே தோற்றுவிட்டார்கள்" என்பது இன்னொரு கட்சி.

ஐ.பி.எல். வீரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். 2025 போட்டிக்கான பெரிய ஏலம் 2024 நவம்பரில் சவூதி அரேபியாவில் ஜெட்டா நகரில் நடந்தது. ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு.

சென்னை அணி ஏலத்துக்கு முன்பே 5 பேரைத் தக்க வைத்துக்கொண்டது. ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18 கோடி, பதிரானா 13 கோடி, ஷிவம் துபே 12 கோடி, டோனி 4 கோடி. ஆக 65 கோடி. மிச்சம் 55 கோடி. அதில்தான் மற்ற வீரர்களை வாங்க வேண்டும்.

அஸ்வினுக்கு 9 கோடியே 75 லட்சம், ஆப்கானிஸ்தான் சுழல் பந்து வீச்சாளர் நூர் அகமதுவுக்கு 10 கோடி கொடுத்தார்கள். நூர் அகமது வீண் போகவில்லை. 24 விக்கெட் எடுத்தார். ஆனால் மட்டை பிடிப்பவர்களில், தொடக்கத்திலேயே அடித்து நொறுக்கும் ஆள் போதவில்லை.

2018-ல் 30 வயதைத் தாண்டிய வீரர்கள் பலரை வைத்தே சென்னை கோப்பையை வென்றது. "கிழவர் படை" என்று கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அனுபவமே பெரிது என்ற பாடத்தைச் சென்னை அன்று ஊருக்குச் சொன்னது.

ஆனால் ஆட்டம் மாறிவிட்டது. 2023 முதல், ஆட்டத்தின் நடுவே ஒரு வீரருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம் என்ற புது விதி வந்தது. ஓர் ஆள் கூடுதலாக மட்டை பிடிக்கலாம் என்ற தைரியத்தில் எல்லோரும் முதல் பந்திலேயே விளாசத் தொடங்கினார்கள். 2024-ல் ஐதராபாத் அணி ஒரே ஆட்டத்தில் 287 ரன் குவித்தது! ஊரே மோட்டார் ஓட்டும்போது, சென்னை மாட்டு வண்டியில் போனது என்பது இளைஞர்களின் குறை.

69 ரன்: நல்லதா, கெட்டதா?

இப்போதெல்லாம் ஒவ்வோர் அணியிலும் கணக்குப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். எந்த வீரர் எந்தப் பந்துக்குத் திணறுவார், எந்த ஓவரில் எத்தனை ரன் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் குறித்து வைப்பது அவர்கள் வேலை.

அந்தக் கணக்கு படித்தவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். இதோ ஓர் உதாரணம்.

ஏப்ரல் 5-ந் தேதி டெல்லி ஆட்டம். சென்னைக்குத் தேவை 184 ரன். பந்துகள் 120. அதாவது 10 பந்துக்குச் சுமார் 15 ரன் வேண்டும்.

விஜய் சங்கர் 54 பந்து ஆடி 69 ரன் எடுத்தார். கடைசி வரை ஆட்டம் இழக்கவில்லை. "69 ரன்! பாவம், தனியாகப் போராடினார்" என்று ஒருவருக்குத் தோன்றும்.

கணக்குப் போடுங்கள். தேவையான வேகத்தில் 54 பந்துக்குச் சுமார் 83 ரன் வர வேண்டும். வந்தது 69. குறைந்தது 14 ரன். சென்னை தோற்றது 25 ரன்னில்! மறுமுனையில் டோனியும் 26 பந்தில் 30 ரன்தான் எடுத்தார். அங்கேயும் சுமார் 10 ரன் குறைவு.

எத்தனை ரன் என்பது மட்டும் கணக்கல்ல. எத்தனை பந்தில் என்பதும் கணக்கு. கடையில் வியாபாரம் எவ்வளவு என்று கேட்டால் போதுமா? முதல் எவ்வளவு என்றும் கேட்க வேண்டாமா?

ஆனால் பெரியவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. "மறுபக்கம் விக்கெட் விழுந்துகொண்டே இருந்தால், நிற்பவன் எப்படி அடிப்பான்? அவனும் அடித்து அவுட் ஆனால் 100 ரன்கூட வராதே!" ஆறு நாள் கழித்து அந்த 103 ரன்னைப் பார்த்தபோது, இந்தப் பேச்சுக்கும் பலம் கூடியது.

அமெரிக்காவில் ஒரு கதை

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தம் அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்ற பந்தாட்டம் உண்டு. அங்கே ஓக்லண்ட் நகர அணிக்குப் பணம் குறைவு. நியூயார்க் அணி சம்பளத்துக்குச் செலவு செய்ததில் மூன்றில் ஒரு பங்குதான் ஓக்லண்டால் முடிந்தது. அதன் நிர்வாகி பில்லி பீன் புது வழி கண்டார். பெயருக்கும் தோற்றத்துக்கும் பணம் கொடுக்காமல், கணக்கைப் பார்த்து ஆள் எடுத்தார். 2002-ல் அந்த அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. மொத்தம் 103 வெற்றி. பணக்கார நியூயார்க் அணிக்கும் அதே 103தான்!

ஆனால் கோப்பை? ஓக்லண்டுக்குக் கிடைக்கவில்லை. இறுதிக் கட்டத்தின் முதல் சுற்றிலேயே தோற்றது. கணக்கு வழி காட்டும். வெற்றியை வீட்டில் கொண்டுவந்து வைக்காது.

அதே நாட்டில் 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற அணி 162 ஆட்டத்தில் 121-ஐத் தோற்றது. "அணியை விற்றுவிட்டுப் போ!" என்று மைதானத்திலேயே ரசிகர்கள் முழங்கினார்கள். அதைப் பார்க்கும்போது சென்னை ரசிகர்கள் பொறுமைசாலிகள்!

நம் பிள்ளைகள் எங்கே?

குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மைதானம் என்றால் வற்றிய கண்மாய்தான். டென்னிஸ் பந்துதான் கிரிக்கெட் பந்து. அவர்கள் கேட்கும் கேள்வி வேறு.

2025-ல் எல்லா அணிகளிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். 759 ரன்! ஆனால் ஆடியது குஜராத் அணிக்கு. வாஷிங்டன் சுந்தரும் குஜராத். வருண் சக்ரவர்த்தி கொல்கத்தா. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்து, டென்னிஸ் பந்தில் பழகிய நடராஜனை டெல்லி அணி 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது.

"பெயர் சென்னை, பிள்ளைகள் அடுத்த வீட்டில்!" என்பது ரசிகர்களின் மனக்குறை. ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் வீரர். எல்லோரையும் ஓர் அணி வாங்க முடியாது. அது உண்மை. என்றாலும், கிராமத்துப் பையன் ஒருவன் மஞ்சள் சட்டையில் தன் ஊர்க்காரனைத் தேடுவதும் உண்மைதானே!

பிறகு வந்த மாற்றம்

தோல்வி கசப்பு மருந்து. சென்னை அணி அதை விழுங்கியது.

போட்டி நடக்கும்போதே இளைஞர்களை அழைத்தார்கள். 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 ரன் அடித்தார். அந்த ஆட்டத்தில் சென்னை தோற்றது 2 ரன்னில்தான். கடைசி ஆட்டத்தில் குஜராத்துக்கு எதிராக 230 ரன் குவித்து 83 ரன் வித்தியாசத்தில் வென்றது. தென் ஆப்பிரிக்க வாலிபர் பிரெவிஸ் 23 பந்தில் 57 ரன்! "இதை முன்பே செய்திருந்தால்?" என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

2025 ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்.லில் இருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கர்ரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் 6, 4 அடித்துக் கோப்பை தந்தவர் ஜடேஜா. அவர் போனபோது கண் கலங்காத ரசிகர் குறைவு. டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு ஆடாத வீரர்களுக்கு அதற்கு முன்பு யாரும் கொடுக்காத தொகை அது.

இளைஞர் கட்சிக்கு வெற்றி என்று சொல்லலாம்.

விளையாட்டும் வினையும்

சென்னை அணி 2020-ல் ஏழாவது இடம். அடுத்த ஆண்டே சாம்பியன். 2022-ல் ஒன்பதாவது இடம். அடுத்த ஆண்டே சாம்பியன். விழுவது அதற்குப் புதிதல்ல, எழுவதும் புதிதல்ல.

பெங்களூரு ரசிகர்களோ முதல் கோப்பைக்கு 18 ஆண்டு காத்திருந்தார்கள். 2025 ஜூன் 3-ந் தேதி அது கிடைத்தது. மறுநாள் பெங்களூரு மைதானத்துக்கு வெளியே கூட்ட நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். கோப்பை வந்த ஊரிலே, பிள்ளை வீடு திரும்பாத குடும்பங்களும் இருந்தன.

தோற்ற ஊரில் டீக்கடைச் சண்டைதான். அது மறுநாள் காலை டீயோடு ஆறிவிடும். நிர்வாகத்தைத் திட்டலாம், கணக்குக் கேட்கலாம், டோனிக்காக வாதாடலாம், எதிர்த்தும் வாதாடலாம். சண்டை முடிந்ததும் அப்பாவும் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே விளையாட்டு!