தண்ணீரைச் சோதிக்கும் பி.எச். மீட்டர்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



பருப்பு மொத்த வியாபாரிக்கும் தண்ணீர் சோதிக்கும் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கருவியால் நல்ல வாடிக்கை ஒன்றைக் கெடுத்துக்கொண்டவன் நான். இன்று கேன் தண்ணீர் விற்காத மளிகைக் கடை அபூர்வம். மாவு அரைத்து விற்பவர்களும் நம்மில் பலர் உண்டு. நான் பட்டது உங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் மளிகைக்காரர் ஒருவர் நான்கு மூட்டை துவரம் பருப்பைத் திருப்பிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, பருப்பு வேகவே மாட்டேங்குது. மெஸ்காரர் சண்டைக்கு வர்றார்" என்றார். அதே லாட்டில் மற்ற ஊர்களுக்குப் போன சரக்கைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. என் மேஜை டிராயரில் பேனா மாதிரி ஒரு பி.எச். மீட்டர் கிடந்தது. சில நூறு ரூபாய்க்கு வாங்கி, நான்கு மாதமாகத் தொடாமல் வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே அந்த மெஸ்ஸுக்குப் போய்ப் போர் தண்ணீரில் வைத்தேன். 5.6 காட்டியது. "உங்கள் தண்ணீரில் புளிப்பு இருக்கிறது, என் பருப்பில் குறை இல்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். மூட்டைகளைத் திரும்ப எடுக்கவும் இல்லை. இருபது ஆண்டு வாடிக்கைக்காரர் அதன் பிறகு என் கடைப் படி ஏறவில்லை.

மனம் கேட்காமல், அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கக் கொடுத்தேன். பி.எச். 7.2 என்று வந்தது. என் மீட்டரை 6.86 பஃபர் கரைசலில் வைத்துப் பார்த்தால் 5.3 காட்டுகிறது! உண்மையான கோளாறு தண்ணீரின் கடினத்தன்மை. லிட்டருக்கு 720 மில்லிகிராம் இருந்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. அதே பருப்பைக் கேன் தண்ணீரில் வேகவைத்தபோது நன்றாகக் குழைந்தது. பருப்பு நல்லதுதான், ஆனால் நான் சொன்ன காரணம் பொய். முதலிலேயே இரண்டு அடுப்பில் இரண்டு தண்ணீரை வைத்துப் பார்த்திருந்தால் மீட்டரே தேவைப்பட்டிருக்காது.

பி.எச். என்றால் என்ன?

தண்ணீர் அமிலமா, காரமா என்று சொல்லும் எண் இது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். 1909-ல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன் இந்த அளவை வகுத்தார். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். ஆகவே மீட்டரில் ஒரு எண் தவறு என்பது சிறிய தவறல்ல. 1934-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத்தான் பெக்மன் என்பவர் எளிதில் கையாளக்கூடிய பி.எச். மீட்டரைச் செய்தார். கருவி பிறந்ததே வியாபாரத் தேவையால்தான்!

நம் நாட்டின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-ன்படி பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்கவேண்டும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

1. துல்லியம்: திரையில் 7.24 என்று இரண்டு புள்ளி காட்டுவதைக் கண்டு மயங்கவேண்டாம். கூடக்குறைய எவ்வளவு தவறு வரலாம் என்று அட்டையில் போட்டிருப்பதைப் படியுங்கள். கடைத் தேவைக்கு 0.1 வித்தியாசம் போதும்.

2. இரண்டு புள்ளி அளவுதிருத்தம்: 6.86 அல்லது 7 கரைசலில் ஒருமுறை, 4 அல்லது 9.18 கரைசலில் ஒருமுறை வைத்துச் சரிசெய்யும் வசதி இருக்கவேண்டும். ஒரே புள்ளியில் மட்டும் திருத்துவது ஒரே எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பது போன்றது.

3. வெப்பத் திருத்தம்: மே மாதத்து மாடித் தொட்டித் தண்ணீரும் மார்கழித் தண்ணீரும் ஒன்றல்ல. வெப்பநிலைக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் மீட்டராக வாங்குங்கள்.

4. மாற்றக்கூடிய எலக்ட்ரோடு: நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ்தான் கருவியின் உயிர். நன்றாக வைத்திருந்தாலும் அது ஓரிரு ஆண்டுதான் உழைக்கும். அதை மட்டும் தனியே மாற்ற முடியாவிட்டால் முழு மீட்டரையும் தூக்கிப் போடவேண்டியதுதான். மாற்றக்கூடியது சில ஆயிரம் ரூபாய் ஆகும். கணக்குப் பார்த்தால் அதுவே மலிவு.

5. பில்லும் காரண்டியும்: மீட்டருக்குக் காரண்டி என்பார்கள். எலக்ட்ரோடுக்கும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பஃபர் கரைசல் தொடர்ந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

மாதம் ஒருமுறை மட்டும் பார்க்கிறவர்களுக்கு மீட்டரே வேண்டாம். நிறம் மாறும் பி.எச். தாள் போதும்.

பராமரிப்பு

நான் செய்த முதல் தவறு குமிழைக் காயவிட்டது. மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு எப்போதும் இருக்கவேண்டும். ஆர்.ஓ. தண்ணீரிலோ டிஸ்டில்ட் வாட்டரிலோ ஊறவைத்தால் குமிழ் கெடும். பஃபர் பொடியைக் கரைக்க மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய கரைசலைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். குமிழைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முக்கியமான சோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும் அளவுதிருத்தம் செய்யுங்கள்.

போர் தண்ணீரை இறைத்த இடத்திலேயே சோதிப்பது நல்லது. வைத்திருந்தால் அதில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியேறி எண் கூடிவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு. எண் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை அது இழுத்துக்கொள்வதால் 6-ஐ ஒட்டிக் காட்டினாலும் மீட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். அதை மட்டும் வைத்துக் கேன் போடுகிறவரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம்.

மீட்டர் சொல்லாதவை

தண்ணீரில் கிருமி இருக்கிறதா, ஃப்ளோரைடு இருக்கிறதா, கடினத்தன்மை எவ்வளவு என்பதையெல்லாம் பி.எச். மீட்டர் சொல்லாது. டி.டி.எஸ். மீட்டர் வேறு கருவி. அது கரைந்த உப்பின் அளவை மட்டும் காட்டும். பி.எச். 7 என்று காட்டும் தண்ணீரிலும் காலராக் கிருமி இருக்கலாம். கேன் வாங்கி விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, சீல் ஆகியவற்றைப் பார்த்து, சப்ளை செய்பவரிடம் ஆய்வக ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் பாய்ச்சி, "பாருங்கள் எவ்வளவு அழுக்கு" என்று காட்டி மெஷின் விற்பவர்கள் வருவார்கள். அந்தச் செந்நிறம் பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பியே கரைந்து வந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவாக இருப்பதால் கரண்ட் சரியாகப் பாயாது. அதனால்தான் அது தெளிவாக நிற்கிறது.

ஆய்வக ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த மளிகைக்காரர் கடைக்குப் போனேன். மெஸ்காரரையும் வரவழைத்து, அன்று நான் சொன்னது தவறு என்று இருவர் முன்னிலையிலும் சொன்னேன். நான்கு மூட்டைக்கும் பணம் வரவு வைத்தேன். "அதை அன்னிக்கே கொஞ்சம் பொறுமையா சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி" என்றார். மறுபடி சரக்கு எடுக்கிறார். ஆனால் முன்பு எடுத்ததில் பாதிதான்.

தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். நம் கையிலுள்ள மீட்டருக்கு முத்திரை போடும் அதிகாரி நாமேதான். அதைச் செய்யாமல் அடுத்தவர் சரக்கையோ தண்ணீரையோ குறை சொல்லாதிருப்போம்.