துருவம் கண்ட ஆசிரியர்கள்

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள பொம்மையார்பாளையத்துக் கடற்கரையிலிருந்து தென் துருவம் 11,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வட துருவம் அதைவிட அருகில் இருந்தாலும், கட்டுமரமும் வலையுமாக வாழும் அவ்வூர் ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுபோல எட்டாத பிரதேசங்களே. ஆயினும் ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், சைபீரியாவின் வடகோடிப் பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவை, ஒரு குழந்தையின் கைக்குள் அடங்கிவிடக்கூடிய உடலை வைத்துக்கொண்டு, மலையும் பாலையும் கடந்து வந்து, மரக்காணத்து உப்பளங்களிலும், 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் சேற்றுப் பரப்பிலும் இரை பொறுக்குகிறது. பறவை வருகிறது, போகிறது. தான் கண்டதைச் சொல்வதில்லை. துருவத்தைப் பிரத்யட்சமாகக் கண்டு திரும்பி, அதைப் பிள்ளைகளின் மனத்தில் பதியும்படி சொல்லக்கூடியவர் யார் என்று கேட்டால், விஞ்ஞானியைக் காட்டிலும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரையே முதலில் சொல்லவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை வேறு தேசத்தார் வெகு நாளைக்கு முன்பே காரியமாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பொருளுதவியோடு 1990-களிலேயே பள்ளி ஆசிரியர்கள் துருவங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஏற்பாடு, உலக நாடுகள் கூடி நடத்திய சர்வதேசத் துருவ ஆண்டை ஒட்டி, 2007-இல் ‘போலார்ட்ரெக்’ என்ற பெயரில் விரிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு சில வாரங்கள் பனியில் தங்குகிறார். வேடிக்கை பார்க்கும் விருந்தாளியாக அல்ல. பனியைத் துளைப்பதிலும், நீரை மொண்டு அளப்பதிலும், கருவிகளைச் சுமப்பதிலும் அவருக்கும் பங்குண்டு. அன்றாடம் நடந்ததை அன்றன்றே எழுதித் தம் வகுப்புக்கு அனுப்புவதும், செயற்கைக்கோள் தொடர்பின் வழியே அங்கிருந்தபடியே மாணவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்வதும், திரும்பி வந்தபின் பாடங்களாக வகுத்துத் தருவதும், ஊர்க் கூட்டங்களில் பேசுவதும் அவர் ஏற்றுக்கொண்ட கடமைகள். இத்தகைய ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் ஒருவரோடொருவர் கலந்துகொள்வதற்கென்று 2012-இல் ஒரு சர்வதேசச் சங்கமும் ஏற்பட்டது.

அவர்கள் கையாளும் உபாயங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆராய்ச்சிக் கப்பல் புறப்படுமுன் பிள்ளைகள் தெர்மாகோல் கோப்பைகளின்மேல் தங்கள் பெயரையும் சித்திரங்களையும் வண்ண மையால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நடுக்கடலில் அவற்றை ஒரு வலைப்பையில் கட்டி, நீரின் உஷ்ணத்தையும் உவர்ப்பையும் அளக்கும் கருவியோடு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். அங்கே நீரின் அழுத்தம் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்றையெல்லாம் நசுக்கி வெளியேற்றிவிட, எழுத்தும் சித்திரமும் கலையாமல் கோப்பை மட்டும் கட்டைவிரல் பருமனுக்குச் சுருங்கி மேலே வருகிறது. சமுத்திரத்தின் அழுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் விளங்காத விஷயம், தன் பெயர் எழுதிய கோப்பையைத் திரும்பக் கையில் வாங்கும் சிறுமிக்கு ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது.

நம் நாட்டுச் சரித்திரமும் சொல்லத் தகுந்ததே. எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. 1983-இல் புறப்பட்ட மூன்றாம் குழுவில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்னும் இரு பெண்மணிகள் இடம்பெற்றார்கள். இவர்களுள் சுதீப்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்த பேராசிரியை; மலையேற்றத்தில் பயிற்சி பெற்றவர். பாறைகளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு நின்றுவிடாமல், தம் பிரயாணத்தைச் சாமானிய வாசகருக்காக வங்காளத்தில் ஒரு புத்தகமாகவும் எழுதினார். ஆசிரியத் தொழிலின் இயல்பு அது. கற்றதைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருக்க அவர்களால் முடிவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பணியைச் செய்தவர் ஆசிரியர் அல்லர், இராணுவ அதிகாரி. திருவாரூர் மாவட்டத்துச் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன், இந்தியாவின் முதல் துருவ நிலையமான தட்சிண் கங்கோத்ரியின் தலைவராக 1987-க்கும் 1989-க்கும் இடையே 480 நாட்கள் அந்தப் பனியில் வாழ்ந்தார். திரும்பி வரும்போது அங்கிருந்து பாறைகளைக் கொணர்ந்து, தம் சொந்த ஊரில் நினைவுச் சின்னமாக நாட்டினார். தம் அனுபவங்களைத் தமிழில் எழுதவும் செய்தார். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில், கல் என்பதே அபூர்வமான ஊரில், கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள ஒரு துருவப் பாறையைப் பள்ளிப் பிள்ளை தொட்டுப் பார்க்கிறது என்றால் அது சாமானியமான பாடமா? (அனுமதியின்றி இன்று ஒரு கூழாங்கல்லைக்கூட அங்கிருந்து எடுத்து வர இயலாது, 2022-இல் இந்தியாவே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. சன்னாநல்லூர் முந்திக்கொண்டது.)

நேரில் கண்டவரின் சொல்லுக்கு வேறொரு பிரயோஜனமும் உண்டு. துருவப் பிரதேசத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று நாமெல்லாரும் பாடப் புத்தகத்தில் படித்து நெட்டுருப் போட்டிருக்கிறோம். அது துருவப் புள்ளிக்கே பொருந்தும். தட்சிண் கங்கோத்ரி அமைந்திருந்த எழுபதாவது அட்சரேகையில் சூரியன் தலைகாட்டாத காலம் ஏறக்குறைய இரண்டு மாதந்தான். இத்தகைய சிறு திருத்தங்களிலேதான் ஒரு பிரதேசம் புத்தகத்தை விட்டு வெளியே வந்து உயிர் பெறுகிறது.

அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர் பொம்மையார்பாளையத்துக்கோ மரக்காணத்துக்கோ வந்தால் எதைச் சொல்லித் தொடங்குவார்? உப்பைச் சொல்லித் தொடங்கலாம். உப்பளத் தொழிலாளி பாத்தியில் நீரைத் தேக்கி, வெயில் அதை உறிஞ்ச உறிஞ்ச உவர்ப்பின் ‘டிகிரி’ ஏறுவதைப் பார்த்திருக்கிறார். ஏறக்குறைய 25 டிகிரியில் உப்பு பூக்கும் என்பது அவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே உஷ்ணம் செய்யும் வேலையைத் துருவத்தில் குளிர் செய்கிறது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறையும்போது நீர்தான் பனிக்கட்டியாகிறது. உப்பின் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டு, எஞ்சிய நீர் கனத்துக் கடலின் அடிக்கு இறங்குகிறது. அவ்வாறு அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலில் இறங்கிய குளிர்நீர், வெகு மெதுவாக வடக்கே நகர்ந்து, கடைசியில் நம் வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கும் வந்து சேர்கிறது. உறையும் நீர் உப்பை வெளியே தள்ளுவதைக் காணப் பரிசோதனைச் சாலை வேண்டியதில்லை: உப்புக் கரைத்த நீரைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துப் பாதி உறைந்ததும் எடுத்து, உறையாமல் நிற்கும் நீரை நாவில் வைத்துப் பார்த்தால் போதும்.

கடல் ஊருக்குள் வரும் கதையைச் சொல்லும்போதுதான் அந்த ஆசிரியருக்கு நிதானம் வேண்டும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மலைகளிலும் துருவங்களிலும் தரைமீது கிடக்கும் பனி உருகுவதும், நீர் சூடேறி விரிவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால் பொம்மையார்பாளையத்தில் மீனவர் வீடுகளைக் கடல் கொண்டுபோனதற்கு முழுப் பழியையும் துருவத்தின்மேல் சுமத்துவது நியாயமாகாது. இந்தக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் மணலை, 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மறித்துவிட்டன. மணல் வரவு நின்றதால் வடபுறத்துக் குப்பங்கள் கரையை இழந்தன. அருகிலுள்ள காரணத்தையும் தூரத்திலுள்ள காரணத்தையும் பிரித்துச் சொல்லாத ஆசிரியர், பனியைத் தொட்டு வந்தவரேயானாலும், பாதிப் பாடமே நடத்தியவராவார்.

அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என்னும் நிலையங்களும், வடக்கே ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரியும் நமக்கு இருக்கின்றன. கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் ஆண்டுதோறும் குழுக்களை அனுப்பி வருகிறது. விஞ்ஞானியும் வைத்தியரும் சமையற்காரரும் தச்சரும் ஏறும் அந்தக் கப்பலில், ஆண்டுக்கு ஓர் இடத்தை அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு ஒதுக்கவேண்டும். தமிழ்நாட்டுக் கல்வித்துறையும் அதைக் கேட்டு வாங்கவேண்டும். அது கைகூடும்வரை, பனியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பிய தமிழர் எவரேனும் உங்கள் ஊருக்கு அருகில் இருப்பாரானால், தலைமையாசிரியர்களே, அவரை ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். சொற்பொழிவைச் சுருக்கிக்கொண்டு, பிள்ளைகளின் கேள்விகளுக்கு முழு மத்தியானத்தையும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.