பூத்தால் சாகும் தாய்ச் செடி!

ஓட்டுக் கூரையின் மேல் ஒரு செடி. வேர் பிடிக்க ஒரு பிடி மண் இருந்தால் அதிகம். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. பனி மூடினாலும் அது சாவதில்லை. வெயில் காய்ந்தாலும் வாடுவதில்லை!

ஐரோப்பாவின் மலை நாடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம்.

செடியின் பெயர் செம்பர்வைவம். இது லத்தீன் சொல். "என்றும் உயிரோடு இருப்பது" என்று பொருள்.

பச்சை இலையால் செய்த ரோஜாப் பூ போல இது இருக்கும். தடித்த இலைகள் வட்ட வட்டமாக அடுக்கி நிற்கும். ஒவ்வோர் இலையும் ஒரு தண்ணீர்த் தொட்டி! மழை இல்லாத நாளில் அந்த நீரைக் கொண்டே செடி பிழைக்கிறது.

சக்கரவர்த்தியின் உத்தரவு

இந்தச் செடியைக் கூரையில் ஏற்றியவன் மனிதன்தான்.

ரோமர்களின் கடவுள் ஜூபிடர். நம் இந்திரனைப் போல இடி, மின்னலுக்கு அதிபதி. இந்தச் செடிக்கு "ஜூபிடரின் தாடி" என்று பெயர் வைத்தார்கள். இது இருக்கும் வீட்டில் இடி விழாது என்று நம்பினார்கள்.

சார்லமேன் என்ற சக்கரவர்த்தி கி.பி. 814-ல் காலமானார். அவர் காலத்து அரண்மனைத் தோட்டங்களில் என்னென்ன செடி வைக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு உண்டு. "தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் ஜூபிடரின் தாடியை வளர்க்க வேண்டும்" என்று அதில் கண்டிருக்கிறது!

இடியைத் தடுக்கும் சக்தி எந்தச் செடிக்கும் இல்லை. ஆனால் நம்பிக்கையால் செடி பிழைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கூரையில் தங்கிவிட்டது.

கோழியும் குஞ்சும்

இதற்கு இன்னொரு செல்லப் பெயர் "கோழியும் குஞ்சும்". நடுவில் பெரிய செடி. சுற்றிலும் சின்னஞ்சிறு செடிகள். தாய்க் கோழி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு படுத்திருப்பது போலவே இருக்கும்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் தாய்ச் செடியின் நடுக் குருத்து நீண்டு எழும். அதன் உச்சியில் நட்சத்திரம் போன்ற பூக்கள் மலரும்.

அதுவே தாயின் கடைசிக் காலம்! சேர்த்து வைத்த நீரையும் சத்தையும் பூவுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் காய்ந்து போகும். பூந்தண்டை ஒடித்தாலும் பெரும்பாலும் பலன் இல்லை.

"என்றும் உயிரோடு இருப்பது" என்ற பெயர் பொய்யா? இல்லை. தாய் விட்ட இடத்தில் குஞ்சுகள் வளர்கின்றன. நம் வாழையும் இப்படித்தானே! குலை தந்த மரம் சாகிறது. பக்கக் கன்று நிற்கிறது.

எத்தனை வகை!

செம்பர்வைவத்தில் சுமார் 40 இனங்கள் உண்டு. சில விசித்திரமானவை.

கூரைச் செடி: பெரிய வகை. இலை நுனி சிவந்திருக்கும். குளிரில் இன்னும் சிவக்கும்.

சிலந்தி வலைச் செடி: ஒரு ரூபாய் நாணயம் அளவே இருக்கும். இலை நுனிக்கு நுனி வெள்ளை நூல் ஓடும். சிலந்தி வலை பின்னியது என்றே நினைப்போம். நூல் செடியுடையதுதான்!

உருளும் செடி: குஞ்சுகள் மெல்லிய காம்பில் ஒட்டியிருக்கும். காம்பு காய்ந்து அறுந்ததும் பந்து போல் உருண்டு ஓடும். நின்ற இடத்தில் வேர் விடும்.

குஞ்சு விடாத செடி: பால்கன் நாடுகளில் ஒரு வகை உண்டு. இது ஒன்றே பலவாகப் பிளந்து பெருகும். பிரித்து நட, கத்தியால் வெட்ட வேண்டும்.

பகலில் வாய் திறக்காது!

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மற்றச் செடிகள் பகலில் அவற்றைத் திறந்து காற்றை இழுக்கும். அப்போது உள்ளே இருக்கும் நீரும் ஆவியாகும். தண்ணீர் தட்டுப்பட்டால் இந்தச் செடி பகலில் துளைகளை மூடிவிடும். இரவில் திறந்து காற்றை இழுத்துப் புளிப்பாக மாற்றிச் சேமிக்கும். பகல் வெளிச்சத்தில் அந்தப் புளிப்பு உணவாகிவிடும்.

இந்த ரகசியத்துக்குத் துப்புக் கிடைத்தது நம் நாட்டில்தான்! தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் புளித்தது. நடுப்பகலில் சுவையே இல்லை! அவர் எழுதிய கடிதம் 1815-ல் லண்டனில் அச்சானது.

வளர்க்க விரும்புவோருக்கு

செம்பர்வைவம் குளிர் நாட்டுச் செடி. நம் சமவெளி வெயிலில் பிழைப்பது கடினம்.

செடிக் கடைகளில் இதைப் போலவே எச்சவேரியா என்ற செடி விற்கிறார்கள். அது மெக்சிகோ நாட்டு உறவுச் செடி. அதன் பூந்தண்டு பக்கத்தில் இருந்து வரும். ஆகவே பூத்தாலும் தாய் சாகாது!

இரண்டுக்கும் ஒரே எமன் உண்டு. அது நாம் அன்போடு தினமும் ஊற்றும் தண்ணீர்! வேர் அழுகிவிடும்.

அடியில் துளை உள்ள தொட்டியில் மணலும் சிறு கல்லும் கலந்த மண்ணைப் போடுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். மழை நீர் தேங்க விடாதீர்கள்.

செம்பர்வைவம் பூத்துத் தாய்ச் செடி காய்ந்துவிட்டால், முழுத் தொட்டியையும் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். காய்ந்ததை மட்டும் எடுத்துவிடுங்கள். சுற்றிலும் குஞ்சுகள் காத்திருக்கின்றன!