கண்ணுக்குத் தெரியாத நோயும், கண்ணுக்குத் தெரியும் மருந்துக் கஷ்டமும்

நேற்று வரை கூடை நிறையக் கொழுந்து எடுத்த ஓர் அக்கா, திடீரென்று "கை மரத்துப் போச்சு, கொழுந்து பிடிபட மாட்டேங்குது" என்கிறார். இரண்டு மூன்று கிழமையில் கை சரியாகிவிடுகிறது. சில மாதம் கழித்து ஒரு கண் மங்குகிறது, அசைத்தால் வலிக்கிறது. அதுவும் மெல்லத் தெளிகிறது. பிறகொரு நாள் மலை ஏறும்போது கால் தள்ளாடுகிறது. "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்று கங்காணி கேட்கிறார். "யாரோ செஞ்சு வச்சிட்டாங்க" என்று லயத்தில் பேச்சு எழுகிறது. வெளியே காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. ஆகவே 'வேலைக் கள்ளி' என்ற பேரும் வந்து சேர்கிறது.

இப்படி வந்து போகும் கோளாறுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்றுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். நம் நாட்டில் இது அரிது. ஆனால் வந்த வீட்டுக்கு அது அரிதல்லவே. அதனால்தான் இதை நாம் எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

கரண்ட் வயரின் மேல் றப்பர் உறை இருப்பதுபோல, நம் மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. அதன் பெயர் மயலின். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் படையே ஆள் மாறி இந்த உறையை அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் செய்தி தடைப்படும். கண் நரம்பென்றால் பார்வை மங்கும், முதுகுத்தண்டென்றால் கால் விறைக்கும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும். சில கிழமையில் உறை ஓரளவு தானாகவே சீராகும். அதனால்தான் நோய் வந்து வந்து போகிறது.

பாரிஸ் நகரத்து வைத்தியர் சார்கோ 1868இல் இந்த நோயைத் தெளிவாக விளக்கினார். இன்று உலகத்தில் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. ஐரோப்பாவில் அதிகம், நம் பக்கத்து நாடுகளில் குறைவு. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களை விடப் பெண்களுக்கே கூடுதலாக வரும்.

இது தொற்று நோயல்ல. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால் ஒட்டாது. செய்வினையுமல்ல, யாருடைய பாவமுமல்ல.

யாரிடம் போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். அங்கிருந்து நரம்பு வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். கண்டியிலும் கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியிலும் நரம்பு நோய்ப் பிரிவுகள் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். சில வேளை முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். இதைப் போலவே தோன்றும் வேறு நரம்பு நோய்களும் இருக்கின்றன. ஒன்றுக்கு நல்ல மருந்து மற்றதற்குக் கெடுதலாகலாம். ஆகவே "ஏன் இத்தனை டெஸ்ட்?" என்று சலிக்க வேண்டாம்.

ஒரு பக்கக் கைகால் திடீரென்று விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள்.

நல்லாயிருக்கும்போது மருந்து எதற்கு?

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கைகால் சரியான பிறகும் டொக்டர் மருந்து தருகிறார். அந்த மருந்து இன்றைய வலிக்கல்ல, அடுத்த தாக்குதல் வராமலிருக்கவும், வந்தாலும் குறைவாக வரவும். ஒரு தாக்குதல் வராமல் போனதை எவரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் மருந்தால் வரும் காய்ச்சலும் குமட்டலும் கண்ணுக்குத் தெரியும். கிளினிக் போனால் அன்றைக்குப் பேரும் இல்லை. அதனால் "மருந்துதான் நோயாக்குது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதற்கிடையில் நோய் தானாக அடங்கும்போது கட்டிய தாயத்துக்கே பேர் கிடைக்கிறது. கோயிலுக்குப் போங்கள், கும்பிடுங்கள். மருந்தை மட்டும் விடாதீர்கள்.

1993க்கு முன்னர் தாக்குதலைக் குறைக்கவென்று அங்கீகரித்த மருந்தே இருக்கவில்லை. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கான மூன்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. முந்திய தலைமுறைக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை.

மருந்துக் கஷ்டங்களும் வழிகளும்

1. தாக்குதல் நேரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் சேலைனோடு ஏற்றும் ஸ்டீரொய்ட்: நித்திரை வராது, மனம் படபடக்கும், வயிறு எரியும், சீனி ஏறும். சீனி வருத்தமோ முன்பு காசநோயோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டுக்கு ஸ்டீரொய்ட் குளிசை தந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

2. இன்டர்பெரோன் ஊசி: போட்ட சில மணி நேரத்தில் தடிமன் காய்ச்சல்போல உடம்பு உளையும். பின்னேரத்தில் போட்டுக்கொண்டால் கஷ்டத்தின் பெரும்பகுதி நித்திரையில் கழியும். பெனடோல் போடலாமா, எத்தனை என்று டொக்டரிடம் கேளுங்கள். ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால் டிஸ்பென்சரியில் கேட்டுப் பாருங்கள்.

3. அசத்தியோபிரின் குளிசை: குமட்டலுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். இரத்த அணுக்கள் குறையலாம், ஈரல் பாதிக்கலாம். ஆகவே இரத்தம் சோதிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல், தொண்டை வலி, காரணமில்லாத இரத்தக் கண்டல் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

4. விறைப்புக்குத் தரும் பெக்லோபென்: தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். சரிவான மலையில் இது ஆபத்து. இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பிள்ளை பெற நினைக்கும் தாய்மார் முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும். சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். கஷ்டம் வந்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். பாஷை விளங்காவிட்டால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். மறுபடி கேட்க வெட்கம் வேண்டாம்.

வேலையும் வீடும்

இந்த நோய்க்குச் சூடு ஆகாது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நடுப்பகலில் பார்வை மங்கலாம், கால் சோரலாம். நிழலில் இருந்து, தண்ணீர் குடித்து, முகம் கை கால் நனைத்தால் பெரும்பாலும் தெளியும். அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரில் கிருமி சேர்ந்தால் பழைய கோளாறெல்லாம் திரும்பித் தலைகாட்டும்.

இந்த நோயின் அசதி சாதாரண அசதியல்ல. அது சோம்பலுமல்ல. டொக்டரின் கடிதத்தைத் துரையிடம் காட்டி, சமநிலத்திலோ ஸ்டோரிலோ இலேசான வேலை கேளுங்கள். வேலையே செய்ய முடியாத நிலை நிரந்தரமானால், வைத்திய சான்றிதழோடு சேமலாப நிதிப் பணத்தை வயது வருமுன்னரே கேட்கலாம். பிரதேச செயலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு பற்றியும் விசாரியுங்கள்.

கேட்டவுடன் அழுகை வரும், கோபம் வரும், "ஏன் எனக்கு மட்டும்?" என்று மனம் கேட்கும். அது இயற்கை. எல்லாருக்கும் நோய் ஒரே மாதிரிப் போவதில்லை. நடந்து, சமைத்து, பிள்ளை வளர்த்து வாழ்கிறவர்கள் நிறையப் பேர்.

நோயை மாற்ற நம்மால் ஏலாது. ஆனால் கிளினிக் நாளில் அந்த அக்காவின் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், பீலியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இன்னொருவர் தூக்கி வரலாம். 'கள்ளி' என்ற சொல்லை நாம் எல்லாரும் விட்டுவிடலாம்.