எண்ணப்படும் இளையோர்: புகைபிடித்தல் எதிர்ப்புப் பணியும் ஆய்வின் அறநெறியும்

சில ஆண்டுகளுக்கு முன், காரைக்குடியை அடுத்த கோவிலூரில் நடந்த வாலிபர் கூடுகையொன்றில் புகைபிடித்தலின் தீமையைக் குறித்துப் பேச நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பேச்சுக்கு முன்னும் பின்னும் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, நம் சொற்களின் பயனை அளந்தறிய எண்ணினோம். பெயர் எழுத வேண்டாமென்றோம்; ஆயினும் வயதையும் வகுப்பையும் தந்தையின் தொழிலையும் எழுதச் சொன்னோம். இருபது பேருக்கும் குறைவாகக் கூடிய இடத்தில் அம்மூன்றும் சேர்ந்தால் பெயருக்கு ஈடாகும் என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை. தாள்களைத் தொகுத்தவர் ஒரு மாணவனை இன்னானென அறிந்துகொண்டு, நல்லெண்ணத்தோடு அவன் தந்தையிடம் சொன்னார். அதன்பின் அவன் கூடுகைக்கு வரவில்லை. பீடியை விட்டானா என்பது நமக்குத் தெரியாது. நம்மை விட்டுவிட்டான் என்பது மட்டும் தெரியும்.

அந்தப் பிழையே இக்கட்டுரைக்குக் காரணம். இளையோரைப் புகையிலையினின்று காக்கும் முயற்சிகள் உண்மையில் பயன் தருகின்றனவா? அதை அறிய அவர்களையே ஆய்வுக்கு உட்படுத்தும்போது நாம் காக்க வேண்டிய அறநெறி யாது?

1. நல்லெண்ணம் மட்டும் போதாது

புகையிலையின் கேட்டைக் குறித்து ஐயத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, காசநோயால் மாண்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகைபிடித்தல் காரணமாயிற்று என்று காட்டிற்று. 2019ஆம் ஆண்டின் இளையோர் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயதுவரையுள்ள மாணவரில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனுமொரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர்.

கேடு உறுதியாதலால், அதற்கெதிரான எந்தப் பரப்புரையும் நன்மையே செய்யும் என நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1984 முதல் 1999 வரை, 40 பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த 8,000க்கும் மேற்பட்ட மாணவரிடையே ஒரு நீண்ட ஆய்வு நடைபெற்றது. மூன்றாம் வகுப்புத் தொடங்கிப் பல ஆண்டுகள் கவனத்தோடு கற்பித்தும், கற்பிக்கப்பட்டவர்க்கும் பிறர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இன்னும் வருந்தத்தக்கது, பிலிப் மாரிஸ் என்னும் சிகரெட்டு நிறுவனமே 1998இல் தொடங்கிய இளைஞர் பரப்புரை. அவ்விளம்பரங்களைக் கண்ட இளையோரிடம் புகையிலை நிறுவனங்களைக் குறித்த நல்லெண்ணமும், புகைபிடிக்கும் நாட்டமும் கூடியிருந்தன என்று 2002இல் வெளியான மதிப்பீடு கண்டது. ஆதலின், பணம் தருபவர் யார் என்பதும் அறநெறி வினாவே.

2. சென்னை தந்த சான்று

நம் நாட்டில் நடந்த 'மைத்ரி' ஆய்வு இங்குக் கருதத்தக்கது. 2004 முதல் 2006 வரை சென்னையில் 16 பள்ளிகளும் டெல்லியில் 16 பள்ளிகளும் அதில் பங்கேற்றன. தொடக்கத்தில் ஆறாம், எட்டாம் வகுப்புகளில் பயின்ற 14,063 மாணவர் இடம்பெற்றனர். வகுப்பறைச் செயல்கள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சலட்டைகள், மாணவரே மாணவரை வழிநடத்தல் ஆகியன அதன் கூறுகள். ஈராண்டு முடிவில், பயிற்சி பெறாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சி பெற்றவற்றில் 17 விழுக்காடு குறைந்தது. தொடக்க நிலையில், எட்டாம் வகுப்பினரைவிட ஆறாம் வகுப்பினரிடையே பயன்பாடு மிகுந்திருந்ததும் கண்டறியப்பட்டது. நம் போதனை வாலிபர் சங்கத்தில் தொடங்கினால் காலம் கடந்ததாகும். ஓய்வுநாள் பள்ளியிலேயே தொடங்கவேண்டும்.

பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் பயிற்சி அளித்தது நீதியோ என ஒரு மாணவர் நம்மிடம் வினவினார். நல்ல வினா. பயன் உறுதியாகத் தெரியாத நிலையில் குலுக்கல் முறையில் பிரிப்பது அநீதியன்று. வாஷிங்டனின் அனுபவம் அந்த அறியாமை மெய்யானதே எனக் காட்டுகிறது. ஆனால் பயன் தெரிந்தபின் எஞ்சியோர்க்கும் அதை வழங்காதிருப்பது அநீதியாகும்.

3. அறநெறி கேட்பவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் சிறார் குறித்த ஆய்வுகளுக்கெனத் தனி நெறிமுறைகளை வெளியிட்டது. பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் பெறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தந்தை சம்மதித்தார் என்பதால் மகன் வாய்திறக்கக் கடமைப்பட்டவன் அல்லன்.

இரகசியம் காத்தல் மற்றொன்று. இது இரக்கத்தின் பொருட்டு மட்டுமன்று. உண்மையின் பொருட்டும் ஆம். தன் விடை யார் கைக்குப் போகும் என்று அஞ்சும் பிள்ளை, ஆசிரியர் விரும்பும் விடையையே எழுதும். பரப்புரை மிகுந்த இடத்தில் இவ்வச்சமும் மிகும். அப்போது புகைபிடிப்போர் தொகை குறைவதாகக் காணப்படுவது, பொய்யுரைப்போர் தொகை கூடியதன் விளைவாகவும் இருக்கலாம். பீடியை விடுவிக்கப் புறப்பட்டு, பொய்சொல்லக் கற்பித்தவராவோம்.

4. இருவகை எண்ணிக்கை

திருமறையில் இருவகை எண்ணிக்கைகளைக் காண்கிறோம். தாவீது தன் படைவலியை அறிய மக்களைத் தொகையிட்டான்; துன்பம் மக்கள்மேல் வந்தது. உவமையின் மேய்ப்பனும் நூறு ஆடுகளை எண்ணுகிறான். ஆனால் ஒன்று குறைந்ததென்று கண்டதும் அதைத் தேடிப் போகிறான். கோவிலூரில் நாம் எண்ணியது எவ்வகை? நம் பேச்சின் வெற்றியை அறியவே எண்ணினோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆதலால் சபைகளிலும் பள்ளிகளிலும் ஆய்வு மேற்கொள்ளும் இறையியல் மாணவர்க்கு நாம் சொல்வது இது. சிறு கூட்டத்தில் அடையாளம் காட்டும் வினாக்களை நீக்குக. தாள்களை அச்சபையைச் சாராத ஒருவர் தொகுக்கட்டும். விடையளிக்க மறுப்பவனை மீண்டும் கேளாதீர். பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; பிள்ளையை வினவுமுன் அருகிலுள்ள கடையை நோக்குக. 'ஆம், புகைக்கிறேன்' என்று ஒருவன் எழுதினால், அதை ஒரு நம்பிக்கையின் கொடையாகப் பெற்றுக்கொள்க. அதைக் காக்க இயலாதெனில், வினாத்தாளையே கொடாதிருப்பது நலம்.