மூணு பவுண்டு போதும் சார்!

போன மே மாசம். மத்தியானம் ஒரு மணி வெயில். தாம்பரம் மேம்பாலத்தின் நட்ட நடுவில் எங்கள் பிரீமியர் பத்மினி மூச்சை நிறுத்திக்கொண்டது. பின்சீட்டில் மாமனாரும் மாமியாரும். பின்னால் ஹாரன் கச்சேரி.

"பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடுங்க மாப்ளே, கிளம்பிடும்" என்றார் மாமனார். பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் அது பலிக்கும் வைத்தியம்தான். மாமியாரின் கைக்குட்டையை நனைத்துப் போட்டேன். நூறடி போய் மறுபடி சண்டித்தனம்!

கார் 1989 மாடல். அப்பா ஆபீஸ் லோன் போட்டு வாங்கியது. அவர் போய்விட்டார், கார் இருக்கிறது. விற்க மனசு வரவில்லை.

மெக்கானிக் அண்ணன் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். என் மூக்கிலும் நீட்டினார். பெட்ரோல் வாசனை!

"டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு தம்பி. பெட்ரோல் ஆயில்ல இறங்குது. இப்படியே ஓட்டினா ஆயில் தண்ணியாகி, பேரிங் போயிடும்."

விஷயம் இதுதான். எஞ்சின் பக்கவாட்டில் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. கேம் ஷாஃப்டில் உள்ள மேடு ஒரு நெம்புகோலை ஆட்டுகிறது. அது ரப்பர் டயாஃப்ரத்தை இழுத்தால் பெட்ரோல் உள்ளே வரும். விட்டால், ஸ்பிரிங் அதைக் கார்பரேட்டருக்குத் தள்ளும். கிழிந்தால் கதை கந்தல்.

புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு கடைக்காரர் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை எடுத்துப் போட்டார். "புது மாடல் கார்ல இருந்து கழட்டினது சார். போடுங்க, பிளேன் மாதிரி போகும்!" அதே விலைக்குப் பத்து மடங்கு பிரஷர். பி.காம். படித்தவன் வேறென்ன நினைப்பான்? லாபம்! அள்ளிக்கொண்டு வந்தேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "குடும்பத்தோட போற வண்டியில நெருப்பு வைக்கப் போறியா?"

டயருக்குக் காற்று பிடிக்கும்போது '28' என்கிறோமே, அந்தக் கணக்கில் பழைய கார்பரேட்டருக்குத் தேவை 2 முதல் 4 பவுண்டுதான். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் தருவதோ 40 பவுண்டுக்கும் மேல்! கார்பரேட்டரில் பெட்ரோலை அளவோடு நிறுத்துவது ஒரு மிதவையும் குட்டியூண்டு ஊசி வால்வும். 40 பவுண்டை அந்த ஊசி எங்கே தாங்கும்? பெட்ரோல் பொங்கி, கொதிக்கிற எஞ்சின் மேல் வழியும். அப்புறம் ஒரு பொறி போதும்.

"எலெக்ட்ரிக்கே கூடாதாண்ணே?"

"கார்பரேட்டருக்குன்னே குறைஞ்ச பிரஷர்ல வர்றதுன்னா போடலாம். டேங்க் பக்கத்துல, தாழ்வா மாட்டணும். அது நல்லா தள்ளும், ஆனா இழுக்கத் திணறும். எஞ்சின் நின்னா பம்பும் நிக்கிற மாதிரி ஒரு சுவிட்சும் வேணும். இல்லைன்னா வண்டி மோதி நின்ன பிறகும் பெட்ரோலைக் கொட்டிக்கிட்டே இருக்கும். பழைய பம்புக்கு அந்தத் தொல்லையே இல்லை. எஞ்சின் நின்னா அதுவும் நின்னுடும்."

பழைய வகையையே புதிதாக வாங்கினோம். மூன்று விஷயங்களை அண்ணன் பார்க்கச் சொன்னார். ஒன்று, டயாஃப்ரம் எத்தனாலைத் தாங்குமா? 2023-லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுப்போகும். இரண்டு, நெம்புகோலின் வடிவமும் நீளமும் பழசோடு ஒத்துப்போகிறதா? மூன்று, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பேக்லைட் கட்டை. எஞ்சின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். அதைத் தூக்கிப் போட்டாலோ, கனத்தை மாற்றினாலோ நெம்புகோலின் ஆட்டமே மாறிவிடும்.

பெட்ரோல் இறங்கிய ஆயிலையும் மாற்றினோம். அதை மறந்தால் பம்ப் மாற்றியதே வீண்.

புதுப்பேட்டை பம்பைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அதே மேம்பாலம், அதே வெயில். மாமனார் நம்பிக்கையில்லாமல் கையில் ஈரத்துணியோடுதான் ஏறினார். பாலம் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன்.

துணியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்!